ஒன்றரை நிமிடம்தான் அவகாசம்! கடற்படைக்குக் காவல் போகும் ஏவுகணைக் கப்பல் உருவான கதை

நடுக்கடலில் ஒரு கடற்படை போகிறது. நடுவே விமானந்தாங்கிக் கப்பல். அது மிதக்கும் ஊர் போன்றது. அமெரிக்காவின் பெரிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றில் சுமார் 5 ஆயிரம் பேர் இருப்பார்கள்.

அதைச் சுற்றிலும் சிறிய போர்க்கப்பல்கள் போகும். அவைதான் காவல் கப்பல்கள். எதிரியின் விமானமோ ஏவுகணையோ வந்தால், பெரிய கப்பலை நெருங்கும் முன்பே அதை அழித்துவிட வேண்டும். இதுதான் அவற்றின் வேலை.

சொல்வதற்குச் சுலபம். ஆனால் அப்படி ஒரு கப்பலை அமைப்பதற்கு அமெரிக்க என்ஜினீயர்கள் 45 ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டார்கள். அவர்கள் செய்த பல திருத்தங்களுக்குப் பின்னால் மாலுமிகளின் சாவு இருக்கிறது.

அவர்கள் தேடியது எல்லாம் நேரம். சில விநாடி நேரம்!

80 நிமிடப் போராட்டம்

1945-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி. இரண்டாவது உலகப் போர் முடியும் தறுவாய். ஜப்பானைச் சேர்ந்த ஓகினாவா தீவை அமெரிக்கப் படை முற்றுகையிட்டு இருந்தது.

தீவுக்கு வடக்கே "லாபி" என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் காவல் நின்றது. ஜப்பானிய விமானங்கள் வருவதை ரேடாரில் பார்த்து, பின்னால் நிற்கும் கடற்படைக்குத் தகவல் சொல்வது அதன் பொறுப்பு.

அன்று காலை விமானங்கள் வந்தன. ஆனால் அவை பெரிய கப்பல்களைத் தேடிப் போகவில்லை. காவல் நின்ற லாபி மீதே பாய்ந்தன!

அவை "காமிகாசி" விமானங்கள். குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போகும் விமானங்கள் அல்ல. விமானி தன் விமானத்தோடு கப்பல் மீது மோதிச் சாவான். விமானமே குண்டு.

சுமார் 80 நிமிட நேரம் சண்டை நடந்தது. 22 விமானங்கள் தாக்கின. அவற்றில் 6 விமானங்கள் கப்பல் மீது மோதின. 4 குண்டுகளும் விழுந்தன. மாலுமிகள் 32 பேர் பலி ஆனார்கள். 71 பேர் காயம் அடைந்தார்கள். ஆனாலும் லாபி மூழ்கவில்லை. இன்றும் அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் அதைக் காட்சிப் பொருளாக வைத்து இருக்கிறார்கள்.

பீரங்கி போதாது

ஓகினாவா போரில் அமெரிக்கக் கடற்படையில் மட்டும் ஏறக்குறைய 4,900 பேர் மாண்டார்கள். கடற்படைத் தலைவர்களுக்கு ஓர் உண்மை புரிந்தது. இனி பீரங்கியை நம்பிப் பயன் இல்லை.

ஏன்? பீரங்கிக் குண்டு நேராகப் போகும். விமானம் வளைந்தால் குண்டு வளையாது. பத்து குண்டு சுட்டால் ஒன்று படலாம். நூறு சுட்டாலும் படாமல் போகலாம். விமானம் பக்கத்தில் வந்த பிறகு அதைச் சுட்டால், அது எரிந்துகொண்டே வந்து கப்பல் மீதுதான் விழும்.

ஆகவே தூரத்திலேயே அடிக்க வேண்டும். விமானம் வளைந்தால், தானும் வளைந்து துரத்துகிற ஆயுதம் வேண்டும். அதுதான் ஏவுகணை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் இந்த வேலை நடந்தது. திட்டத்துக்கு வைத்த பெயர் "பம்பிள்பீ". கருவண்டு என்று அர்த்தம். பத்து ஆண்டு உழைப்புக்குப் பிறகு "டெரியர்" என்ற ஏவுகணை கப்பலில் ஏறியது.

அதைச் சுமந்த கப்பல் "பாஸ்டன்". உலகப் போரில் ஓடிய பழைய குரூசர் கப்பல் அது. அதன் பின்பக்கத்தில் இருந்த பெரிய பீரங்கிகளைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் ஏவுகணைகளை எறியும் கருவிகளைப் பொருத்தினார்கள். 144 ஏவுகணைகளை உள்ளே அடுக்கினார்கள். 1955-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பாஸ்டன் மறுபடியும் கடற்படையில் சேர்ந்தது. உலகின் முதல் ஏவுகணைக் குரூசர் அதுதான்.

புதிய ஆயுதம் வேலை செய்தது. 1968-ம் ஆண்டு மே மாதம், வியட்நாம் கடலோரத்தில் நின்ற "லாங் பீச்" என்ற அணுசக்திக் கப்பல், 60 மைலுக்கும் அப்பால் பறந்த மிக் விமானம் ஒன்றை ஏவுகணையால் வீழ்த்தியது. எந்தப் பீரங்கியாலும் ஆகாத காரியம் அது!

நாலு விளக்கு, ஐந்தாவது திருடன்

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது.

இருட்டில் திருடன் ஓடுகிறான். ஒருவன் அவன் மீது டார்ச் விளக்கு அடிக்கிறான். வெளிச்சத்தைப் பார்த்து இன்னொருவன் துரத்துகிறான். அந்தக் கால ஏவுகணையும் இப்படித்தான். கப்பலில் உள்ள ஒரு ரேடார் எதிரி விமானத்தின் மீது விடாமல் கதிர் அடிக்க வேண்டும். அதைக் கொண்டுதான் ஏவுகணை வழி கண்டு போகும்.

1962-ம் ஆண்டு சேவைக்கு வந்த "லீஹி" என்ற காவல் கப்பலில் இப்படி நாலு ரேடார்கள் இருந்தன. நாலு விமானம் வந்தால் கவலை இல்லை. ஒரே சமயத்தில் பத்து விமானம் வந்தால்? நாலு விளக்கும் நாலு திருடன் மீது இருக்கும். ஐந்தாவது திருடன் உள்ளே புகுந்து விடுவான்.

"டைபன்" என்ற புதிய திட்டம் தீட்டினார்கள். பிரம்மாண்டமான ரேடார், ஒரே நேரத்தில் பல எதிரிகளைப் பார்க்கும். ஆனால் அதன் எடையும் பெரிது, செலவும் பெரிது. 1963-ம் ஆண்டில் அதைக் கைவிட்டார்கள்.

படகு அடித்த அடி

1967-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி உலகக் கடற்படைகளை எல்லாம் உலுக்கிய சம்பவம் நடந்தது.

எகிப்து நாட்டில் போர்ட் சைத் துறைமுகத்துக்கு வெளியே, "எய்லாத்" என்ற இஸ்ரேல் நாசகாரிக் கப்பல் ரோந்து சுற்றியது. துறைமுகத்தில் எகிப்தின் சிறிய படகுகள் நின்றன. சோவியத் ரஷியா கொடுத்த படகுகள். அவற்றில் "ஸ்டிக்ஸ்" என்ற ஏவுகணைகள் இருந்தன.

படகுகள் துறைமுகத்தில் இருந்தபடியே ஏவுகணைகளை விட்டன. எய்லாத் மூழ்கியது. 47 பேர் மாண்டார்கள். படகில் இருந்து வந்த ஏவுகணையால் மூழ்கிய முதல் போர்க்கப்பல் அதுதான்.

நாலு ஆண்டு கழித்து இந்தியக் கடற்படை இதே ஏவுகணையைக் கையாண்டது. 1971-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி இரவு, இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சி அருகே பாகிஸ்தானின் "கைபர்" என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன.

இனி விமானத்தை மட்டும் பார்த்தால் போதாது. விமானி இல்லாத, சிறிய, வேகமான ஏவுகணையையே வழியில் மறித்து அடிக்க வேண்டும். காவல் கப்பலின் வேலை பல மடங்கு கடினமாகி விட்டது.

18 மைல், 90 விநாடி

அதற்குப் பிறகு வந்த ஏவுகணைகள் இன்னும் தந்திரமானவை. பிரான்சு நாட்டின் "எக்சோசெட்" கடல் அலையை ஒட்டினாற்போல, சில அடி உயரத்தில் பறந்து வரும்.

பூமி உருண்டை அல்லவா? கடலும் வளைந்துதான் இருக்கிறது. தரையில் நிற்பவனுக்குப் பக்கத்துத் தோப்புதான் தெரியும். தென்னை மரத்தில் ஏறியவனுக்கு அடுத்த ஊர் தெரியும். ரேடாருக்கும் அப்படியே.

ரேடார் கடலுக்கு மேல் 80 அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 13 அடி உயரத்தில் பறந்து வரும் ஏவுகணை, சுமார் 18 மைல் தூரத்தில்தான் முதன்முதலாக அதன் கண்ணில் படும். இத்தகைய ஏவுகணை ஒரு மைலை 5 விநாடியில் கடக்கும். 18 மைலுக்கு 90 விநாடி. ஒன்றரை நிமிடம்!

அந்த ஒன்றரை நிமிடத்தில் ரேடார்க்காரர் அதைக் கவனிக்க வேண்டும். எதிரியா, நம்மவரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். தளபதி உத்தரவு கொடுக்க வேண்டும். ஏவுகணை கிளம்பிப் போய் அதை அடிக்க வேண்டும்.

1982-ம் ஆண்டு மே 4-ந் தேதி, பாக்லாந்து போரில் இங்கிலாந்தின் "ஷெபீல்டு" கப்பலுக்கு அந்த நேரம் கூடக் கிடைக்கவில்லை. "ஹெர்மிஸ்", "இன்வின்சிபிள்" என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு முன்னால் காவல் போன ஏவுகணைக் கப்பல் அது. அர்ஜென்டினா விமானம் விட்ட எக்சோசெட்டை மேல்தளத்தில் இருந்தவர்கள் கண்ணால் கண்டபோது, சில விநாடிகளே மிச்சம் இருந்தன. 20 பேர் பலி ஆனார்கள். 6 நாள் கழித்து, இழுத்துச் செல்லும்போது கப்பல் மூழ்கியது.

காவல் கப்பல் போனது. அது காத்த ஹெர்மிஸ் பிழைத்தது. அந்த ஹெர்மிஸ்தான் 1987-ல் இந்தியக் கடற்படையில் "விராட்" என்ற பெயரில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல்.

உயரம் கூடினால் ஆபத்தும் கூடும்

ரேடாரை இன்னும் உயரத்தில் வைத்தால் என்ன? வைக்கலாம். 40 அடியில் உள்ள ரேடாரை 80 அடிக்கு ஏற்றினால், இந்த ஏவுகணையைச் சுமார் 20 விநாடி முன்னதாகவே பார்த்து விடலாம். கடற்போரில் 20 விநாடி பெரிய சொத்து.

ஆனால் ரேடார் பாரமான பொருள். உச்சியில் பாரம் ஏறினால் கப்பல் ஆடும். வைக்கோலை மலைபோல் ஏற்றிய மாட்டு வண்டி மேடு பள்ளத்தில் எப்படிச் சாய்கிறது? புயலில் கப்பலும் அப்படிச் சாயும், கவிழ்ந்தும் போகும்.

பாரத்தைக் குறைக்க ஒரு வழி கண்டார்கள். கப்பலின் அடிப்பாகத்தை எஃகினால் கட்டினார்கள். மேல்கட்டடத்தை மட்டும் அலுமினியத்தால் கட்டினார்கள். அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆனால் அடுப்பில் மறந்து வைத்த அலுமினியப் பாத்திரம் என்ன ஆகும் என்பது வீட்டில் உள்ள பெண்களுக்குத் தெரியும்! எஃகு உருகுவதற்கு ஏறக்குறைய 1,500 டிகிரி சூடு வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகி விடும்.

உருகிய கப்பல்

1975-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி இரவு. இத்தாலி நாட்டின் சிசிலித் தீவுக்கு அருகே அமெரிக்கக் கடற்படை பயிற்சி செய்தது. "ஜான் எப். கென்னடி" என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குக் காவலாக "பெல்க்னாப்" என்ற ஏவுகணைக் குரூசர் போனது.

இருட்டில் இரண்டும் மோதிக் கொண்டன. விமானந்தாங்கிக் கப்பலின் ஓடுதளம் வெளியே நீட்டிக் கொண்டு இருக்கும். அது பெல்க்னாப்பின் மேல்கட்டடத்தைக் கிழித்தது. விமான எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது.

மேல்கட்டடம் அலுமினியம். அது உருகிச் சரிந்தது. விடிந்தபோது, பெல்க்னாப்பின் மேல்பாகம் தளம் வரை எரிந்து போய் இருந்தது. பெல்க்னாப்பில் 7 பேரும், கென்னடியில் ஒருவரும் மாண்டார்கள்.

எதிரி யாரும் தாக்கவில்லை. ஒரு குண்டும் விழவில்லை. பாரத்தைக் குறைப்பதற்குச் செய்த யுக்தி, தீயின் முன் நிற்கவில்லை.

கண்ணிமைக்காத ரேடார்

இதற்கிடையில் நாலு விளக்கு சிக்கலுக்கும் விடை கிடைத்தது.

வெய்ன் மேயர் என்ற கடற்படை அதிகாரி 1970-ம் ஆண்டு ஒரு திட்டத்துக்குப் பொறுப்பு ஏற்றார். திட்டத்தின் பெயர் "ஏஜிஸ்". கிரேக்கக் கதைகளில் வரும் கேடயத்தின் பெயர் அது.

பழைய ரேடார் சுழலும். ஒரு பக்கம் பார்க்கும்போது மறுபக்கம் தெரியாது. ஏஜிஸ் ரேடார் சுழலாது. கப்பலின் நாலு பக்கச் சுவரிலும் நாலு தட்டையான பலகைகள். ஒவ்வொன்றும் சுமார் 12 அடி அகலம். நாலும் சேர்ந்து எல்லாத் திசைகளையும் எப்போதும் பார்த்துக் கொண்டு இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களைக் கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் கணக்கு வைத்துக் கொள்ளும்.

இந்த முறையில், ஏவுகணை பாதி வழி தானாகவே போகும். கப்பல் இடையிடையே திசை சொல்லும். எதிரியை நெருங்கிய கடைசி விநாடிகளில் மட்டும் டார்ச் விளக்கு அடித்தால் போதும். உடனே விளக்கை அடுத்த எதிரி மீது திருப்பலாம்.

மேயர் அவசரப்படவில்லை. சிறிது செய்வார், சோதிப்பார், அதில் கற்றுக் கொண்டு மேலே போவார். 1974-ம் ஆண்டு ஒரு சோதனைக் கப்பலில் ரேடாரை வைத்துப் பார்த்தார்கள். 1983-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி, முதல் ஏஜிஸ் கப்பலான "டைகாண்டரோகா" கடற்படையில் சேர்ந்தது.

ஆனால் செலவை மிச்சம் பிடிப்பதற்காக, வேறு ஒரு வகை நாசகாரிக் கப்பலுக்குப் போட்ட அடிப்பாகத்தையே இதற்கும் எடுத்துக் கொண்டார்கள். ரேடாரின் பாரம் தாங்காமல் கப்பல் தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்தது. முன்பக்கத்தில் அலை ஏறாமல் இருக்கத் தனியாகச் சுவர் எழுப்பினார்கள். மேல்கட்டடமும் மறுபடி அலுமினியம்தான். பின்னாட்களில் இந்த வகைக் கப்பல்களின் அலுமினியத்தில் விரிசல்கள் கண்டன.

எஃகுக் கப்பல்

அடுத்த கப்பலைத் தொடங்கியபோது என்ஜினீயர்கள் முதலில் இருந்து யோசித்தார்கள்.

மேல்கட்டடமும் எஃகாகவே இருக்கட்டும் என்றார்கள். எஃகு என்றால் பாரம். பாரத்தைத் தாங்குவது எப்படி? கப்பலை அகலமாக்கினார்கள்! டைகாண்டரோகாவின் நீளம் 567 அடி. அகலம் 55 அடி. புதிய கப்பலின் நீளம் 505 அடிதான். அகலமோ 66 அடி. அகலமான பாத்திரம் சீக்கிரம் கவிழாது அல்லவா? அதே தத்துவம்தான்.

ஏவுகணைகளைத் தளத்துக்கு அடியில் குழாய் குழாயாகச் செங்குத்தாக நிறுத்தினார்கள். மூடியைத் திறந்ததும் ஏவுகணை நேரே மேலே கிளம்பும். எடுத்துப் பொருத்தித் திசை திருப்புகிற நேரம் மிச்சம். மொத்தம் 90 குழாய்கள்.

ஆனால் ஆசைப்பட்டது எல்லாம் கிடைக்கவில்லை. டைகாண்டரோகாவில் நாலு டார்ச் விளக்கு ரேடார் உண்டு, இதில் மூன்றுதான். ஹெலிகாப்டர் இறங்க இடம் உண்டு. நிறுத்திவைக்கக் கொட்டகை இல்லை. பணமும் எடையும் இடம் கொடுக்கவில்லை. பிறகு கட்டிய கப்பல்களில்தான் கொட்டகை வந்தது.

1991-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி கப்பல் கடற்படையில் சேர்ந்தது. பெயர் "ஆர்லி பர்க்". உலகப் போரில் நாசகாரிக் கப்பல்களை நடத்திய வீரத் தளபதியின் பெயர் அது. விழாவுக்கு அவரே வந்து இருந்தார். அப்போது அவருக்கு வயது 89.

290 உயிர்கள்

ரேடார் எல்லாம் பார்க்கும். கம்ப்யூட்டர் எல்லாம் கணக்குப் போடும். ஆனால் சுடுவதா, வேண்டாமா என்று தீர்மானிப்பது மனிதன்தான்.

1988-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி, "வின்சென்ஸ்" என்ற ஏஜிஸ் கப்பல் ஈரான் நாட்டுக்கு அருகே கடலில் இருந்தது. ஈரானியப் படகுகளோடு சண்டை நடந்து கொண்டு இருந்த நேரம். ரேடாரில் ஒரு விமானம் தெரிந்தது. போர் விமானம், தாக்குவதற்காகத் தாழ்ந்து வருகிறது என்று கப்பலில் இருந்தவர்கள் நினைத்தார்கள். இரண்டு ஏவுகணைகளை விட்டார்கள்.

அது ஈரான் நாட்டுப் பயணி விமானம். துபாய்க்குப் போய்க் கொண்டு இருந்தது. அதில் இருந்த 290 பேரும் மாண்டார்கள். 66 பேர் குழந்தைகள்.

பிறகு விசாரணை நடந்தது. கம்ப்யூட்டரில் பதிவாகி இருந்ததைப் பார்த்தார்கள். விமானம் தாழ்ந்து வரவில்லை. உயர ஏறிக் கொண்டுதான் இருந்தது! கருவி சரியாகவே காட்டியது. பதற்றத்தில் இருந்த மனிதர்கள் தவறாகப் புரிந்து கொண்டார்கள்.

இது பழங்கதை ஆகி விடவில்லை. 2024-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி செங்கடலில், "கெட்டிஸ்பர்க்" என்ற ஏஜிஸ் காவல் கப்பல், தான் காவல் காத்த விமானந்தாங்கிக் கப்பலின் விமானத்தையே தவறிச் சுட்டு வீழ்த்தியது. நல்ல வேளையாக விமானிகள் இருவரும் உயிர் பிழைத்தார்கள்.

கடைசி ஒரு மைல்

அதே செங்கடலில் காவல் கப்பலின் அருமையும் தெரிந்தது. 2023-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி, ஏமன் நாட்டில் இருந்து ஹூதி படையினர் விட்ட ஏவுகணைகளையும், ஆள் இல்லா விமானங்களையும் "கார்னி" என்ற கப்பல் சுட்டு வீழ்த்தியது. அது ஆர்லி பர்க் வகைக் கப்பல்.

2024-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, அதே வகையைச் சேர்ந்த "கிரேவ்லி" கப்பலை நோக்கி ஓர் ஏவுகணை வந்தது. சுமார் ஒரு மைல் தூரம் வரை நெருங்கி விட்டது. மைலுக்கு 5 விநாடி என்ற கணக்கை நினைத்துப் பார்த்தால் அதன் பயங்கரம் புரியும்! கடைசிக் காவலாக வைத்து இருந்த தானியங்கித் துப்பாக்கி அதைச் சுட்டு வீழ்த்தியது. எதற்கும் இருக்கட்டும் என்று கப்பலை அமைத்தவர்கள் விட்டு வைத்த ஆயுதம், அன்று உயிர்களைக் காத்தது.

இந்தியாவும் இத்தகைய கப்பல்களைத் தன் சொந்தத் தளத்திலேயே கட்டுகிறது. 2016-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி மும்பையில் கடற்படையில் சேர்ந்த ஏவுகணைக் கப்பலுக்கு "சென்னை" என்று பெயர். 164 மீட்டர் நீளம். எடை 7,500 டன்னுக்கு மேல். அதன் உச்சியிலும், சுழலாமல் நாலு திசையும் பார்க்கும் ரேடார் இருக்கிறது. தளத்துக்கு அடியில் ஏவுகணைகள் செங்குத்தாக நிற்கின்றன.

உயரம், எடை, அகலம், எஃகு என்று கணக்குப் பார்த்து, என்ஜினீயர்கள் மாலுமிக்கு ஒன்றரை நிமிட அவகாசம் சம்பாதித்துக் கொடுத்தார்கள். அதற்கு மேல் அவர்களால் கொடுக்க முடியாது. வருவது பகைவனின் ஏவுகணையா, பச்சைக் குழந்தைகள் இருக்கும் விமானமா என்று அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் பார்த்துச் சொல்ல வேண்டியவன், ரேடாரின் முன் உட்கார்ந்து இருக்கும் மனிதன்தான்.